கட்டணமா, தண்டமா? வாகனம் நிறுத்தியதற்குத் துண்டு தந்தால் என்ன செய்வது

சந்தைக்கு வெளியே, வீதியோரமாக மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு உள்ளே போனேன். வட இலங்கையின் வன்னியில் ஒரு பட்டணம்; எது என்பது இங்கே தேவையில்லை. திரும்பி வந்தபோது துண்டுப் புத்தகத்தோடு ஒரு தம்பி காத்திருந்தார்.

"அண்ணை, பார்க்கிங் 50 ரூபா. ஒரு மணித்தியாலம் தாண்டிட்டுது, அதால தண்டம் 200. மொத்தம் 250."

ஆஸ்பத்திரியில் அம்மா மருந்து எடுத்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார். காசைக் கொடுத்தேன். 50 ரூபாவுக்கு அச்சடித்த துண்டு ஒன்றைக் கிழித்துத் தந்தார். மற்ற 200க்கு என்ன ஆதாரம் என்று கேட்டேன். அதே துண்டின் பின்புறத்தில் பேனையால் 200 என்று எழுதித் தந்தார். பக்கத்தில் ஓட்டோவில் மரக்கறி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடமும் அதே கணக்கு. அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்தபடியே என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஏன் தம்பி மினக்கெடுவான், குடுத்திட்டுப் போவம்."

அந்தச் சொல்லின் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, பையைக் கொட்டிக் காட்டி, அடையாள அட்டையை நீட்டிப் பழகியவர்கள் நாங்கள். சீருடை போட்டவரிடமோ புத்தகம் வைத்திருப்பவரிடமோ காரணம் கேட்டால் வில்லங்கம் கூடும் என்று உடம்பே பழகிப்போனது. ஆனால் 2009இல் போர் முடிந்த பிறகு மீள்குடியேற்றம், நிவாரணம், வீட்டுத்திட்டம் என்று நாங்கள் நிரப்பாத படிவம் இல்லை. ஒரு துண்டு பிழையென்று ஒரு கடிதம் எழுதுவது அவற்றையெல்லாம் விடச் சின்ன வேலை. அதை எப்படிச் செய்வது என்று, இதுவரை ஒருமுறையும் செய்யாதவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கட்டணம் என்பது ஓர் இடத்தைப் பாவித்ததற்கான விலை. தண்டம் என்பது ஒரு குற்றத்துக்கான தண்டனை. பேச்சில் இரண்டையும் நாங்கள் "பைன்" என்று ஒன்றாக்கிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. பிரதேச சபையோ நகர சபையோ மாநகர சபையோ தன் தரிப்பிடத்துக்குக் கட்டணம் அறவிடலாம். தண்டனை கொடுப்பது நீதிமன்றத்தின் வேலை. சபையின் உபவிதி ஒன்றை, அதாவது சபை தன் பகுதிக்கு ஆக்கிய விதி ஒன்றை, ஒருவர் மீறினார் என்றால், சபை அவர்மேல் வழக்குப் போட வேண்டும். நீதவான் அவரைக் குற்றவாளியாகக் கண்டால்தான் தண்டம் வரும். சந்தை வாசலில் நிற்கும் ஒருவர் தன் வாயால் தண்டம் விதிக்க முடியாது. பொலிஸார் வீதியில் எழுதித் தரும் தண்டச் சீட்டுக்குப் பின்னாலும் நீதிமன்றம்தான் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆகவே கையில் துண்டு வந்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி எவ்வளவு என்பதல்ல. இதைத் தந்தவர் யார், எந்த விதியின்படி தந்தார் என்பதுதான்.

சபையின் துண்டு

வவுனியா நகரம் இப்போது மாநகர சபை. மன்னார் நகரத்துக்கு நகர சபை. கிளிநொச்சி நகரம் கரைச்சிப் பிரதேச சபைக்குள் வருகிறது, முல்லைத்தீவு நகரம் கரைத்துறைப்பற்றுப் பிரதேச சபைக்குள் வருகிறது. வன்னியின் மற்றப் பெரும்பாலான இடங்களும் பிரதேச சபைகளின் கீழ்தான். பிரதேச சபைகளுக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம், நகர சபைகளுக்கு 1939ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், மாநகர சபைகளுக்கு 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். இலக்கங்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. உங்கள் இடம் எந்தச் சபைக்குள் வருகிறது என்று தெரிந்தால் போதும், கடிதத்தை யாருக்கு எழுதுவது என்பது முடிவாகிவிடும்.

வாகனத் தரிப்பிடத்தைச் சபை தானே நடத்துவது குறைவு. கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோரி, கூடுதல் தொகை கேட்டவருக்கு ஒரு வருடத்துக்குக் குத்தகைக்குக் கொடுப்பார்கள். குத்தகைக்காரர் சம்பளத்துக்கு ஓர் ஆளை வைத்துத் துண்டு கிழிக்க விடுவார். வெயிலில் நின்று கிழிக்கிற அந்தத் தம்பிக்கு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பெரும்பாலும் தெரியாது. அவரோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை, அது நியாயமும் இல்லை. கேள்வி போக வேண்டிய இடம் சபை. குத்தகைக்காரருக்கு இருக்கும் அதிகாரம் சபை எழுத்தில் கொடுத்த அளவுதான். எந்த இடத்தில் அறவிடலாம், எந்த வாகனத்துக்கு எவ்வளவு, எத்தனை மணி வரை என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கும். அந்த எல்லையை மீறி வாங்கிய ஒவ்வொரு ரூபாவையும் நீங்கள் திருப்பிக் கேட்கலாம்.

எல்லை என்று நான் சொல்வது நிலத்தின் எல்லையையும் சேர்த்துத்தான். ஏ9 போன்ற ஏ தர, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. அதற்கு அடுத்த தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. உள்ளூர் வீதிகளும் ஒழுங்கைகளும்தான் சபைக்கு. சந்தை வளவுக்குள் இருக்கும் தரிப்பிடத்தைக் குத்தகைக்கு எடுத்தவர், வளவுக்கு வெளியே பெருவீதியின் ஓரத்தில் நிற்கும் வாகனத்துக்கும் துண்டு கிழித்தால், அந்த இடம் அவருடைய குத்தகைக்குள் வருகிறதா என்று கட்டாயம் கேட்க வேண்டும். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க எல்லா வாகனமும் ஓரங்கட்டுவது போல, பட்டணங்களிலும் வீதியோரம் எல்லாருக்கும் பொது என்றுதான் நாங்கள் நினைத்து நிறுத்துகிறோம். சில இடங்களில் அது சரி. சில இடங்களில் அங்கே நிறுத்துவதே குற்றம். அப்படியானால் அது பொலிஸாரின் விடயம், குத்தகைக்காரரின் விடயமல்ல.

சரி, அந்த இடத்தில் நின்று என்ன செய்வது? கைத்தொலைபேசியை எடுத்து நாலு படம் எடுங்கள். உங்கள் வாகனம் நிற்கும் இடம், சுற்றுப்புறம், கட்டண விவரப் பலகை, துண்டின் இரண்டு பக்கமும். பலகை இல்லையென்றால், இல்லாத வெறும் சுவரைப் படம் எடுங்கள். மரக்கிளை மறைத்த பலகை, செம்புழுதி படிந்து எழுத்துத் தெரியாத பலகை, மழைக்கு அழிந்துபோன வீதிக்கோடு, எல்லாவற்றுக்கும் படம் வேண்டும். அடுத்த கிழமை யாராவது பலகையைத் துடைத்துவிட்டால், அன்றைக்கு அது எப்படி இருந்தது என்று சொல்ல உங்கள் படம் மட்டும்தான் மிஞ்சும். துண்டில் தொடர் இலக்கம் இருக்கிறதா, சபையின் பெயர் இருக்கிறதா, தொகை அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் கட்டணம் என்று விதி இருக்கலாம், அதில் பிழையில்லை. ஆனால் அந்தத் தொகைக்கும் அச்சடித்த துண்டு வர வேண்டும். பேனையால் எழுதிய 200க்குக் கணக்கு எங்கே போகும்?

காசைக் கொடுப்பதா விடுவதா என்று கேட்பீர்கள். அச்சடித்த கட்டணத்தைக் கொடுங்கள். அதற்கு மேல் கேட்டால், "துண்டு எழுதித் தாங்கோ தம்பி, தாறன்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் கதை அங்கேயே முடியும். என்னைப் போல அவசரத்தில் கொடுத்துவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, துண்டைப் பத்திரமாக வையுங்கள்.

கடிதம்

இதுதான் முக்கியமான பகுதி, கொஞ்சம் நின்று சொல்கிறேன். கடிதம் பிரதேச சபை, நகர சபை என்றால் செயலாளருக்கு, மாநகர சபை என்றால் ஆணையாளருக்கு. தவிசாளருக்கோ மாநகர முதல்வருக்கோ ஒரு பிரதி. சபை வருமானப் பகுதியில் இருக்கும் உத்தியோகத்தர் ஒரு நாளைக்கு எத்தனையோ கடிதம் பார்க்கிறார். அவருக்குத் தேவை திகதி, நேரம், இடம், வாகன இலக்கம், துண்டு இலக்கம், கொடுத்த தொகை, நீங்கள் கேட்பது என்ன. கோபமும் வரலாறும் அவருக்கு உதவாது. நான் எழுதியது கிட்டத்தட்ட இப்படி:

"மேற்படி திகதியன்று காலை 10 மணியளவில் சந்தைக்கு முன்பாக வீதியோரம் நிறுத்தியிருந்த எனது மோட்டார் சைக்கிளுக்குத் தரிப்பிடக் கட்டணமாக 50 ரூபாவும் தண்டம் என்று 200 ரூபாவும் என்னிடம் பெறப்பட்டன. 50 ரூபாவுக்கு மட்டுமே அச்சிட்ட பற்றுச்சீட்டு வழங்கப்பட்டது. அவ்விடத்தில் கட்டண விவரப் பலகை இருக்கவில்லை. பற்றுச்சீட்டின் பிரதியையும் 4 படங்களையும் இணைத்துள்ளேன். 200 ரூபா எந்த உபவிதியின் கீழ் அறவிடப்பட்டது என்பதை எழுத்தில் அறியத்தருமாறும், அவ்வாறு விதி எதுவும் இல்லையெனில் அத்தொகையைத் திருப்பித்தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். மூலத் துண்டைக் கொடுத்துவிட வேண்டாம், போட்டோப் பிரதி போதும். கடிதத்தில் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றைக் கொடுத்து மற்றதில் திகதி முத்திரை அடித்து வாங்குங்கள். முத்திரை அடிக்கப் பஞ்சிப்பட்டால் தபால் கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு அந்தப் பற்றுச்சீட்டை வையுங்கள். வாயால் சொல்லிவிட்டு வருவது வேண்டவே வேண்டாம். "பாக்கிறம் ஐயா" என்று மரியாதையாகத்தான் சொல்வார்கள், ஆனால் நீங்கள் வந்து போனதற்கு ஓர் அடையாளமும் இருக்காது.

"எந்த உபவிதி" என்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. சபை ஓர் உபவிதியைத் தான் மட்டும் நிறைவேற்றினால் போதாது. அதற்கு மேலிடத்து அங்கீகாரம் கிடைத்து, வர்த்தமானியில் (அரசிதழில்) வெளிவந்த பிறகுதான் அது நடைமுறைக்கு வரும். பழக்கம் என்பதற்காக வாங்கப்படும் காசு வேறு, வர்த்தமானியில் இருக்கும் கட்டணம் வேறு.

பதில் வராவிட்டால், அல்லது ஆரம்பத்திலேயே, உங்கள் கையில் இன்னொரு வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். இது 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. உள்ளூராட்சி சபைகளுக்கும் இது பொருந்தும், ஒவ்வொரு சபையிலும் இதற்கென்று தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுதிக்கொள்ள வேண்டியது அந்த அலுவலரின் கடமை. தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலைநாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் அல்லது மௌனமாக இருந்தால், மேன்முறையீட்டைக் கேட்பதற்காக அதே சபையில் நியமிக்கப்பட்டவரிடம் 14 நாட்களுக்குள் போகலாம். அதுவும் சரிவராவிட்டால் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு 2 மாதத்துக்குள் எழுதலாம்.

இதில் கேட்க வேண்டியவை மூன்றே மூன்று பத்திரங்கள்: தரிப்பிடக் குத்தகை ஒப்பந்தத்தின் பிரதி, கட்டணத்தைக் குறிக்கும் வர்த்தமானியின் பிரதி, குத்தகை எல்லையைக் காட்டும் விவரம். "ஏன் இப்படி அநியாயம் நடக்கிறது" என்று கேட்டால் பதில் வராது. அது கருத்து. பத்திரத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் கிடைக்கும்.

இன்னும் இரண்டு கதவுகள். 2025 மே 6இல் நடந்த தேர்தலுக்குப் பிறகு எங்கள் சபைகளில் மறுபடியும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அதற்கு முன் 2 வருடத்துக்கு மேலாக அவர்கள் இல்லாமல் நிர்வாகம் மட்டும் நடந்தது. சபைக் கூட்டம் மாதந்தோறும் நடக்கும். உங்கள் வட்டாரத்து உறுப்பினரிடம் கடிதத்தின் பிரதியைக் கொடுத்தால் அவர் அங்கே அதை எழுப்பலாம். மற்றது, மாவட்டத்தில் இருக்கும் உள்ளூராட்சி உதவி ஆணையாளர். சபைகளின் நிர்வாகத்தை மேற்பார்வை செய்பவர் அவர். பதில் வராத கடிதத்தின் முத்திரையிட்ட பிரதியோடு அவருக்கு எழுதுங்கள். முத்திரை ஏன் முக்கியம் என்று அப்போது புரியும்.

பொலிஸ் தரும் துண்டு

நிறுத்தக்கூடாத இடத்தில் வாகனம் நிறுத்தினீர்கள் என்று போக்குவரத்துப் பொலிஸார் எழுதுவது வேறு வகை. அதைச் சபையிடம் கொண்டுபோய்ப் பயனில்லை. இது மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வருவது, நாங்கள் ஸ்பொட் பைன் என்கிறோம். உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு சீட்டைத் தருவார்கள். அந்தச் சீட்டே 14 நாளைக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரம். அந்த 14 நாளைக்குள் தபால் கந்தோரில் காசைக் கட்டி, பற்றுச்சீட்டைப் பொலிஸ் நிலையத்தில் காட்டினால் அனுமதிப்பத்திரம் திரும்பக் கிடைக்கும். பிந்தினால் 28 நாள் வரை இரட்டிப்புத் தொகை. அதற்கும் பிறகு நீதிமன்றம். 2025இலிருந்து அரசாங்கத்தின் கவ்பே வழியாகத் தொலைபேசியிலேயே கட்டும் முறையும் தொடங்கியிருக்கிறது.

இதில் பலருக்குத் தெரியாத விடயம் ஒன்று. அந்தச் சீட்டு தீர்ப்பு அல்ல. வழக்குக்குப் போகாமல் இதோடு முடித்துக்கொள்ளலாம் என்று சட்டம் தரும் ஒரு வழி அது. காசைக் கட்டினால் வழக்கு இல்லை, விடயம் முடிந்தது. நீங்கள் பிழை செய்யவில்லை என்று நினைத்தால் கட்டக்கூடாது. கட்டிவிட்டு வாதாட முடியாது. வழக்கு வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று உங்கள் பகுதி நீதவான் நீதிமன்றத்துக்கு வரும். குற்றவாளியா சுற்றவாளியா என்று கேட்கப்படும்போது, சுற்றவாளி என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதன் பிறகு குற்றத்தை நிரூபிக்க வேண்டியது பொலிஸாரின் பொறுப்பு. உங்கள் படங்களுக்கு அங்கே பெறுமதி இருக்கிறது. 14 நாள் முடிவதற்கு முன்னரே நிலையத்துக்குப் போய், வழக்குக்குப் போகப்போகிறேன் என்று சொல்லி, அதுவரை வாகனம் ஓட என்ன பத்திரம் தருவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் ஆலோசனை கேட்கலாம்.

என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். நாட்கூலிக்குப் போகிறவருக்கு நீதிமன்றத்தில் ஒரு நாள் என்பது ஒரு நாள் சாப்பாடு. வழக்கு ஒரே தவணையில் முடியும் என்றும் இல்லை. உண்மையில் பிழையான இடத்தில்தான் நிறுத்தினீர்கள் என்றால் கட்டிவிடுங்கள். பஸ் நிறுத்தத்தை மறித்து நிற்கும் வாகனத்தால் வயோதிபர்கள் நடுவீதியில் இறங்கி ஏறுகிறார்கள், அந்தச் சட்டம் தேவையான சட்டம். பிழையில்லை என்று மனச்சாட்சிக்குத் தெரிந்தால், செலவைக் கணக்குப் பார்த்துவிட்டு நில்லுங்கள். எப்படியானாலும் சீட்டு இல்லாமல் கையில் காசு கொடுத்து முடிக்க வேண்டாம். அது இலஞ்சம். கேட்டவர் மட்டுமல்ல, கொடுத்தவரும் குற்றவாளி. யாராவது கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

சீட்டில் சிங்களத்தில் மட்டும் எழுதியிருந்தால், விளங்காத ஒன்றில் கையெழுத்துப் போடாதீர்கள், விளக்கம் கேளுங்கள். அரசியலமைப்பின்படி வடக்கு, கிழக்கில் நிர்வாக மொழியும் நீதிமன்ற மொழியும் தமிழ். தமிழில் கேட்பது சலுகை கேட்பதல்ல.

லண்டனில் இருந்து வரும் அழைப்பு

எங்கள் வீடுகளில் அரைவாசிப் பேருக்கு வெளிநாட்டில் ஆள் இருக்கிறது. என் மச்சான் லண்டனில் இருந்து வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பி, "கவுன்சில் பைன் போட்டிட்டான், கட்டட்டோ?" என்று கேட்டார். அங்கே முறை வேறு. இங்கிலாந்தில் பெரும்பாலும் கவுன்சில்தான் வீதித் தரிப்புக்குத் தண்டம் அறவிடுகிறது, பொலிஸ் அல்ல. 14 நாளைக்குள் கட்டினால் பாதித் தொகை. அந்த நாட்களுக்குள்ளேயே பிழையென்று எழுதலாம். ஏற்காவிட்டால் வாகன உரிமையாளருக்கு முறையான அறிவித்தல் வரும், அதற்கு 28 நாளைக்குள் ஆட்சேபனை எழுத வேண்டும். கவுன்சில் 56 நாளைக்குள் பதில் சொல்லாவிட்டால் ஆட்சேபனை ஏற்கப்பட்டதாகிவிடும். மறுத்தால் கவுன்சிலுக்குச் சம்பந்தமில்லாத சுயாதீனத் தீர்ப்பாயம் இருக்கிறது, அதற்குக் கட்டணம் இல்லை.

மச்சானின் படத்தை உற்றுப் பார்த்தால் அது கவுன்சில் துண்டே அல்ல. சுப்பர்மார்க்கற் தரிப்பிடத்தை நடத்தும் தனியார் கம்பனி அனுப்பியது. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் சுருக்கெழுத்து ஒன்றுதான், பிசிஎன். கவுன்சிலுடையது சட்டத்தின் கீழ் வரும் தண்டம். கம்பனியுடையது ஒப்பந்தத்தை மீறியதற்கான கோரிக்கை, எதிர்க்கும் வழியும் வேறு. அங்கேயும் முதல் கேள்வி அதேதான்: தந்தவர் யார்?

என் 200 ரூபாவுக்கு வருவோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நான் கேட்டதற்கு 12ஆவது வேலைநாள் பதில் வந்தது, ஒப்பந்தத்தின் பிரதியோடு. மோட்டார் சைக்கிளுக்கு ஒரு நாளைக்கு 50 ரூபா. நேர எல்லை இல்லை. தண்டம் என்ற சொல்லே எங்கும் இல்லை. குத்தகை சந்தை வளவுக்குள் மட்டும். அந்தப் பக்கத்தை இணைத்து இரண்டாவது கடிதம் கொடுத்தேன். குத்தகைக்காரரே தொலைபேசியில் அழைத்து, 250 ரூபாவையும் திருப்பித் தந்தார். அடுத்த கிழமை சந்தை வாசலில் கட்டணப் பலகை ஒன்று நின்றது.

மரக்கறி மூட்டையோடு நின்ற அந்த அம்மாவை நான் தேடிப் பிடிக்க இன்னும் இரண்டு சந்தை நாள் எடுத்தது. அவருடைய துண்டு தொலைந்துபோயிருந்தது. திகதி என்னுடைய துண்டில் இருந்தது, ஓட்டோ இலக்கம் அவருக்கு மனப்பாடம். தேத்தண்ணிக் கடை வாங்கிலில் இருந்து அவருக்கான கடிதத்தை எழுதினோம். கையெழுத்து வைக்க முன்னம் ஒருக்கால் வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். "200 எண்டதை இன்னும் கொஞ்சம் பெரிசா எழுது தம்பி" என்றார்.